பலகை இல்லாத காட்டுத் தடங்கள்: பெபூர், பெலூவ், எல்பூர் பக்கம் எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுவை_பாரி

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்டில் பாரிஸிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் உங்கள் பிரெஞ்சுத் தீவு ரீயூனியனுக்கு வருகிறோம், நான்கு பேர். பிள்ளைகளுக்கு 17, 14 வயது. ஐந்து இரவு ப்ளென் தே பால்மிஸ்த், நான்கு இரவு எல்பூர். ஒரு நாளைக்கு 15 கி.மீ. நடை, 800 மீட்டர் ஏற்றம் வரை எல்லாருக்கும் பழக்கம். வாடகை வண்டி உண்டு.

மஃபாத் பள்ளத்தாக்கு, பித்தோன் தே நேஜ் சிகரம், த்ரூ த ஃபேர் அருவி மூன்றும் முன்பே முடித்தவை. இந்தத் தடவை கூட்டம் இல்லாத காட்டு வழிகள்தான் வேண்டும். போன் வரைபடத்தில் பெபூர், பெலூவ் காடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெயரில்லாத மெல்லிய புள்ளிக்கோடுகள் ஏராளமாகத் தெரிகின்றன. சுற்றுலா அலுவலகக் கையேட்டில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. எது உண்மையான தடம், எது வெறும் கோடு என்று வீட்டில் உட்கார்ந்தே பிரித்தறிய வழி உண்டா? தடத்தின் வாய் புதரில் மறைந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே போனபின் தடம் அற்றுப்போனால் எந்த இடத்தில் திரும்புவது? வெட்டுக்கத்தி எடுத்துப் போகலாமா?

கல்பாதை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கத்தி வேண்டாம். நீங்கள் சொல்லும் காட்டில் பெரும்பகுதி தேசியப் பூங்காவின் மையப் பகுதி. 2007-ல் அமைந்த பூங்கா அது, தீவில் சுமார் 42 சதவீதம் அதற்குள் அடக்கம். அங்கே செடி வெட்டக் கூடாது, மரத்தில் பெயின்ட் அடிக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், நடைமுறையிலும் கத்தி தேவைப்படுகிற இடத்தில் தடம் இல்லை என்றுதான் பொருள்.

புள்ளிக்கோடு பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் சங்கதி நான்கு விதம். பலகை மட்டும் இல்லாத, ஆள் நடமாட்டமுள்ள நல்ல தடம் ஒன்று. மண்சரிவுக்குப் பிறகு அதிகாரபூர்வமாக மூடிய தடம் இன்னொன்று. யாரும் மூடவில்லை, ஆனால் பராமரிப்பு நின்று காடு விழுங்கிவிட்டது என்பது மூன்றாவது. நான்காவது, தொடக்கத்திலிருந்தே நடைபாதையாக இல்லாதது. முதல் வகையைத்தான் தேடவேண்டும். மூன்றாவதில் பகல் பொழுதும் பொறுமையும் இருந்தால் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம். இரண்டாவதையும் நான்காவதையும் தொடவே வேண்டாம்.

மூடியதா என்று பார்ப்பது சுலபம். பொதுக் காடுகளின் தடங்களை இங்கே பிரெஞ்சு அரசின் வன அமைப்பான ஓ.என்.எஃப். கவனிக்கிறது, திறந்தவை மூடியவை பட்டியலை இணையத்தில் போடுகிறது. புறப்படும் முந்தின நாள் மாலையில் பாருங்கள், பாரிஸில் பயணப் பெட்டி கட்டும்போது பார்த்தது கணக்கில் சேராது. 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் மாதிரி புயல் அடித்த ஆண்டுகளில் சில தடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். பட்டியலில் பெயரே இல்லாத தடம் என்றால் "திறந்திருக்கிறது" என்று அர்த்தமில்லை. அது அவர்கள் பராமரிப்பில் இல்லை, அவ்வளவுதான். தடத்தின் தலைப்பில் குறுக்கே கம்பியோ பலகையோ இருந்தால் பேச்சே இல்லை, திரும்பிவிடுங்கள். இந்தத் தீவில் மூடல் என்றால் பெரும்பாலும் பாதையின் ஒரு துண்டு ரம்பாரோடு (செங்குத்தான மலைச்சுவர்) சேர்ந்து கீழே போயிருக்கிறது. முதல் இரண்டு கி.மீ. அருமையாக இருக்கும், அதனால்தான் ஏமாறுகிறார்கள்.

நான்காவது வகையில் அதிகம் ஏமாற்றுவது லெயோன். வனத்துறை எல்லை காட்டவோ அளவெடுக்கவோ காட்டைக் கீறிய நேர்கோடு அது. மனிதன் நடக்கப் போட்ட பாதை சரிவைப் பார்த்து வளையும், லெயோன் சரிவைச் சட்டை செய்யாமல் மேலும் கீழுமாக நேராகப் போகும். படத்தில் உயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு 300, 400 மீட்டர் நேராக ஓடும் கோடு என்றால் சந்தேகப்படுங்கள். ப்ளென் தே பால்மிஸ்த் பக்கம் இன்னொன்று உண்டு. மே, ஜூன், ஜூலையில் சின்னக் கொய்யா பறிக்கப் போகிறவர்கள் புதருக்குள் கிளை கிளையாக வழி உண்டாக்கி வைத்திருப்பார்கள். ஆகஸ்டில் அவையெல்லாம் அசல் தடம் போலவே மிதிபட்டுத் தெரியும். நல்ல கொய்யாப் புதர் எங்கே முடிகிறதோ அங்கே வழியும் முடிந்துவிடும்.

தடத்தின் வாய் தெரியாதபோது என்ன செய்வது? பாதை ஓரத்து முதல் ஐந்து மீட்டரில்தான் வெளிச்சம் அதிகம், அதனால் புதரும் அங்கேதான் அடர்த்தி. லொங்கோஸ் (மஞ்சள் பூ வைக்கும் அந்தக் காட்டு இஞ்சி), முள் கொடியான வீன் மரோன், சின்னக் கொய்யா மூன்றும் வாயை அடைத்துவிடும், ஆனால் பத்தடி உள்ளே மர நிழலில் தரை திறந்தே கிடக்கும். வனச்சாலையின் இருபுறமும் 30 மீட்டர் மெதுவாக நடந்து, கண்ணை இடுப்பு உயரத்தில் வைக்காமல் கணுக்கால் உயரத்தில் வையுங்கள். குனிந்து பார்த்தால் தண்டுகளுக்கு நடுவே தரையின் பள்ளம் தெரியும். தேட வேண்டியவை: ரம்பம் போட்ட தட்டையான வெட்டு (காற்றில் முறிந்த கிளை சிலும்பலாக இருக்கும்), சாலை ஓரச் சாக்கடையின் குறுக்கே யாரோ போட்ட கல், தோல் தேய்ந்து பளபளக்கும் வேர்.

உள்ளே போனபின் சரிவின் குறுக்கே படி போல வெட்டிய தட்டுதான் நம்பகமான அடையாளம். மேல்பக்கம் மண்சுவர், கீழ்ப்பக்கம் கருங்கல் வரிசை. புதர் எவ்வளவு மூடினாலும் அந்தத் தட்டு பல்லாண்டுக்குக் காலுக்குத் தட்டுப்படும். தட்டு இல்லை, காலுக்குக் கீழே தரை வெறும் சரிவாக இருக்கிறது என்றால் தடத்தை விட்டு விலகிவிட்டீர்கள்.

திரும்புவதற்கு இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இடக் கணக்கு: "இது தடம்தான்" என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கடைசி இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள். மற்றவர் குரல் கேட்கும் தூரத்துக்கு, 50 மீட்டர் வரை மட்டும், முன்னால் போய்ப் பார்க்கட்டும். மூன்று திசையில் பார்த்தும் கிடைக்கவில்லையா, திரும்புங்கள். எல்லாருமாகச் சேர்ந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நகர்வதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்போது திரும்பி வருவதற்கு ஒரு நிச்சயமான புள்ளியே மிஞ்சாது. இரண்டாவது நேரக் கணக்கு: ஆகஸ்டில் மாலை ஆறு மணிக்குச் சூரியன் போய்விடும், அந்தி அரைமணி நேரம்கூட நீளாது, மரத்தடியில் அதற்கும் முன்பே இருட்டு. நல்ல தடத்தில் மணிக்கு 300 மீட்டர் ஏற்றம் என்று போடுவோம். விழுங்கிய தடத்தில் மணிக்கு ஒரு கி.மீ. போனால் பெரிய விஷயம். காலை ஏழுக்குக் கிளம்பி, எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்புங்கள். இங்கே காலை ஒன்பது, பத்துக்கெல்லாம் மேகம் ஏறி வந்து மூடுவது வழக்கம். மேகம் மூடினால் வழியும் தெரியாது, அவசரத்துக்கு ஹெலிகாப்டரும் வர முடியாது.

உயரக்கோடு

கல்பாதை அண்ணன் சொன்னதோடு வரைபட வேலையைச் சேர்த்துக்கொள்கிறேன். இதைப் பாரிஸிலேயே முடித்துவிடலாம்.

பிரெஞ்சு அரசின் வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். போடும் 1:25000 தாள்தான் அடிப்படை. தீவு முழுவதும் ஆறே தாள், 4401 முதல் 4406 வரை எண். உங்கள் பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட தாளில் விழும், வாங்கும்போது அட்டையில் உள்ள கட்டத்தைப் பாருங்கள். ஒரு செ.மீ. 250 மீட்டர். தாளில் கருப்பு இடைகோடாக இருந்து போனில் இல்லாததும் உண்டு, போனில் இருந்து தாளில் இல்லாததும் உண்டு. இரண்டிலும் ஒரே வளைவோடு இருப்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் முதல் பட்டியல் அதுதான்.

நீங்கள் போனில் பார்ப்பது அநேகமாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கும் இணைய வரைபடம்) தரவாகத்தான் இருக்கும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் இரண்டுமே அதைத்தான் காட்டுகின்றன. செயலியில் கோடு மட்டும் தெரியும், ஆனால் தளத்துக்குப் போய் அந்தக் கோட்டைச் சொடுக்கினால் அதன் ஜாதகமே இருக்கிறது. "ட்ரெயில் விசிபிலிட்டி" என்ற குறிப்பைப் பாருங்கள். எக்ஸலன்ட், குட் என்றிருந்தால் சரி. பேட், ஹாரிபிள், நோ என்றிருந்தால் வரைந்தவரே தடம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். நடை எவ்வளவு கடினம் என்று சொல்லும் "சாக் ஸ்கேல்" குறிப்பில் ஆல்பைன் என்ற சொல் வந்தால் பிள்ளைகளோடு வேண்டாம். வரலாற்றையும் திறந்து பாருங்கள்: கடைசியாக யார், எந்த ஆண்டு, எதை வைத்து வரைந்தார்கள்? நேரில் நடந்த ஜி.பி.எஸ். பதிவு என்றால் மதிப்பு அதிகம். விண்படத்தைப் பார்த்து வரைந்தது என்றால், மரக்கூரை மூடிய பெபூரில் அது வெறும் ஊகம்.

மூன்றாவது, நடையர்கள் பதிவிடும் தளங்களில் (விசோராண்டோ போன்றவை) அதே தடத்துக்குக் கடைசிக் கருத்து எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த ஆண்டு மார்ச்சுக்குப் பிறகு யாராவது நடந்திருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முந்தின கருத்து எத்தனை நட்சத்திரம் வைத்திருந்தாலும் பழங்கதை. 2007-ல் கமேத் புயலின்போது எரிமலைப் பக்கம் கொமெர்சோனில் 72 மணி நேரத்தில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய தீவு இது, உலகச் சாதனை அது. ஒரே வாரத்தில் இங்கே நிலமே மாறிவிடும்.

ஐ.ஜி.என்.னின் "ரெமோந்தே ல தான்" தளத்தில் பழைய விமானப் படங்களை இன்றைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1950 வாக்கில் எடுத்த படங்களில் சலாசி (எல்பூர் இருக்கும் பள்ளத்தாக்கு), மஃபாத் இரண்டிலும் உள்ள இலேக்களை, அதாவது சரிவுக்கு நடுவே இருக்கும் சமதரைகளைச் சுற்றி வயலும் ஒற்றையடிப் பாதையும் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். இன்று காடாகிவிட்ட சரிவில் பழைய பாதை எப்படி வளைந்தது என்று அதில் படிக்கலாம். ஆனால் பெபூருக்கு இது உதவாது, அங்கே அன்றும் காடுதான்.

பழைய தாள் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று. முந்தைய பதிப்புகளின் கட்டம் 1947-ஆம் ஆண்டு பித்தோன் தே நேஜ் அடிப்படையில் போட்டது. அந்த எண்களை அப்படியே போனில் போட்டால் புள்ளி வெகுதூரம் தள்ளி விழும். புதிய தாள் வாங்குங்கள், அல்லது பழைய தாளில் எண்ணைப் படிக்காமல் ஓடை, முகடு பார்த்து இடத்தைப் பிடியுங்கள். யாருக்காவது இருப்பிடம் அனுப்பும்போது அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி விட்டுப்போகாமல் பாருங்கள். -21 என்பது 21 ஆனால் நீங்கள் அரபுப் பாலைவனத்தில் நிற்கிறீர்கள்.

ரம்பாரின் அடியில் போன் காட்டும் இடத்தை அப்படியே நம்பக்கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையால் 20, 30 மீட்டர் பிசகும். மேல்தட்டும் கீழ்த்தட்டும் அடுத்தடுத்து வளையும் கொண்டைஊசிப் பாதையில் அந்தப் பிசகு போதும், தவறான தட்டில் நிற்பீர்கள். அங்கே உயரமானி எண்ணைப் பாருங்கள். காலையில் தெரிந்த இடத்தில், ஜீத்தோ (மலைத் தங்குமிடம்) கணவாயோ, உயரத்தைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினால் கிடைமட்டப் புள்ளியைவிட உயரம்தான் உண்மை பேசும்.

மல்லிகை_த

உடுப்பு, சேறு, சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே.

முதலில் ஒரு தவறான நம்பிக்கை. ஆகஸ்ட் வறண்ட காலம் என்று கையேட்டில் இருக்கும். அது மேற்குக் கரைக்குச் சரி. ப்ளென் தே பால்மிஸ்தும் பெபூரும் காற்று மோதும் பக்கம். கிழக்கிலிருந்து வரும் அலிசே காற்று (வணிகக் காற்று) இந்தக் குளிர்காலத்தில்தான் பலமாக வீசும், ஈரத்தைக் கொண்டுவந்து அங்கேயே இறக்கும். கடற்கரையில் 25 டிகிரி என்றால் 1,500 மீட்டரில் பகலிலேயே 15, 16. தூறலும் காற்றும் சேர்ந்தால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் நடுங்குவார்கள். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. சிந்தெடிக் பனியன், மெல்லிய கம்பளி, மழைக்கோட்டு, இந்த மூன்றும் ஆளுக்கு ஒன்று. கை முழுக்க மூடிய சட்டை, நீளக் கால்சட்டை. தோட்ட வேலைக்குப் போடும் மலிவான கையுறை ஒரு ஜோடி எல்லாருக்கும் வாங்குங்கள். வீன் மரோன் முள் தோலைக் கிழித்துவிடும்.

அந்த முள்ளைத் தின்னவென்றே 2008-ல் ஒரு நீலப் பூச்சியைத் தீவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தாழ்வான இடங்களில் நன்றாகத் தின்றது. உயரத்தில் குளிர் அதிகம், பூச்சிக்கு ஒத்துவரவில்லை, முள் அப்படியே இருக்கிறது. அதாவது உங்கள் காட்டில்.

பெலூவ் சேறு சாதாரணச் சேறு இல்லை. எரிமலைச் சாம்பலில் இருந்து வந்த மண், பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே கெட்டியாகத் தெரியும், மிதித்தால் கணுக்கால், சில இடத்தில் முழங்கால். சேற்றைத் தவிர்க்க ஓரமாகப் போகாதீர்கள், ஓரம்தான் குழிகிறது, பாதையும் அகலமாகிக் கெடுகிறது. நடுவில், வேரின் மேலே இல்லாமல் வேர்களுக்கு இடையில் கால் வையுங்கள். ஈரவேர் சோப்பு மாதிரி வழுக்கும். மரக்கட்டைப் படிகளிலும் கம்பிவலை அடித்திருக்கும் இடத்தில் மட்டும் மிதியுங்கள். ஊன்றுகோல் ஆளுக்கு ஒன்று போதும், இன்னொரு கை கிளை பிடிக்க வேண்டும்.

லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், இங்கே உண்டு. மழைக்காலத்தில் அதிகம், ஆனால் சேறும் தேங்கிய நீரும் எப்போதும் சந்தேகம்தான். காலில் கீறல் இருந்தால் கிளம்புமுன் நீர்ப்புகாப் பிளாஸ்டர் ஒட்டுங்கள், திரும்பியதும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் வரும், அதாவது நீங்கள் பாரிஸ் போய்ச் சேர்ந்தபிறகு. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் "ரீயூனியனில் சேற்றில் நடந்தோம்" என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு அது தோன்றாது.

விஷப்பாம்பு பயம் இல்லை. குளவி உண்டு: மஞ்சள் குளவி இலையின் அடியில், இடுப்பு உயரத்தில் கூடு கட்டும். முன்னால் போகிறவர் தட்டினால் இரண்டாவது ஆளைத்தான் கொட்டும். அலர்ஜி உள்ளவர் வரிசையில் முதலிலும் வேண்டாம், அடுத்தும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு மாதிரி வேறெதுவும் சரிப்படாது, குளிர்ந்தாலும் தொண்டையில் இறங்கும். கடையில் வாங்குவதானால் சமூசாவும் போன்போன் பிமானும். நம் மசால் வடைக்குத் தம்பி முறை அது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

புதுவை_பாரி

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி உட்கார்ந்து சலித்ததில் பதினாறு கோடு ஐந்தாகக் குறைந்துவிட்டது. ஒன்றில் மட்டும் குழப்பம். எல்பூருக்கு மேலே முகட்டு ஓரத்திலிருந்து ஓடை வரை ஒரு ஜி.பி.எஸ். பதிவு இறங்குகிறது. இந்த ஆண்டு மே மாதத்துப் பதிவு, ஒன்றல்ல, ஏழெட்டுப் பேர் போயிருக்கிறார்கள். கிடைமட்டத்தில் 600 மீட்டர், இறக்கம் 400 மீட்டர். இத்தனை பேர் போன வழி என்பதால் நம்பலாமா?

உயரக்கோடு

போக வேண்டாம் தம்பி. அது கனியோனிங் வழி, அதாவது கயிறு கட்டி அருவியில் இறங்குகிறவர்களின் பதிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 600-க்கு 400 என்றால் 67 சதவீதச் சரிவு, அதுவும் சராசரிதான். தாளில் அது 2.4 செ.மீ. தூரம், கோட்டுக்குக் கோடு 10 மீட்டர் என்றால் அந்த இடத்துக்குள் நாற்பது கோடுகள். கண்ணுக்கு ஒரே பழுப்புத் திட்டாகத்தான் தெரியும். எல்பூரிலிருந்து பெலூவ் ஜீத்துக்கு ஏறும் பாதையும் செங்குத்தான சுவரில்தான் ஏறுகிறது, ஆனால் கொண்டைஊசி கொண்டைஊசியாக வளைந்து போவதால்தான் மனிதன் ஏற முடிகிறது. உங்கள் பதிவில் வளைவு இருக்கிறதா? இருக்காது. ஓடையின் கோட்டோடு ஒட்டிப் போகும்.

இன்னும் மூன்று அடையாளம். வேக வரைபடத்தைத் திறந்தால் ஒரே புள்ளியில் இருபது, முப்பது நிமிடம் நின்று, பிறகு உயரம் மட்டும் சட்டென்று 30, 40 மீட்டர் விழுந்திருக்கும், அது கயிற்றில் இறங்கியது. எல்லாப் பதிவும் மேலிருந்து கீழே மட்டும் இருக்கும், கீழிருந்து மேலே ஒன்றுகூட இருக்காது. புள்ளிகள் நெருக்கமான பள்ளத்தில் சிக்குண்ட நூல்கண்டு மாதிரி குழம்பியிருக்கும். ஏழெட்டுப் பேர் போனார்கள் என்பதால் தடம் ஆகிவிடாது, ஏழெட்டுப் பேரும் கயிறு வைத்திருந்தார்கள். நடையர்களின் தடம் என்றால் இருதிசைப் பதிவும் இருக்கும்.

பலர் போன வழியைப் பிரகாசமாகக் காட்டும் வெப்பப்படம் போடும் செயலிகளிலும் இதே கோளாறு. கோடு பிரகாசமாக இருக்கிறது என்று பார்ப்பார்கள், கனியோனிங் சலாசியில் பெரிய தொழில் என்பது அந்தப் படத்தில் தெரியாது.

கல்பாதை

அந்த ஓடை விஷயத்தில் ஒரு சேர்ப்பு. வரைபடத்தில் "ப்ரா" என்று தொடங்கும் பெயர் ஓடை, "காப்" என்றால் பாறை முகடு, "இலே" என்றால் சரிவுக்கு நடுவே சமதரை. பழைய பாதைகள் பெரும்பாலும் ஒரு இலேயை இன்னொன்றோடு சேர்க்கப் போட்டவை. ஆகவே காப்பிலிருந்து நேராக ப்ராவுக்கு இறங்கி அங்கேயே முடியும் கோட்டுக்குப் பழைய காரணம் எதுவும் இருக்க வாய்ப்பில்லை. இலே இருந்த இடத்தில் ஷோக்கா கற்றாழை, மூங்கில், ஜம்ரோசா, காப்பிச் செடி, கல்சுவர் ஏதாவது மிஞ்சியிருக்கும். காட்டுக்கு நடுவே இவை தென்பட்டால் பாதை பக்கத்தில்தான்.

முகட்டு ஓரத்தில் பெரணிப் படுகையை நம்பாதீர்கள். சிறு பெரணி இடுப்பு உயரத்துக்குப் பாய் பின்னியது போல வளர்ந்து பாறை விளிம்பைத் தாண்டியும் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் சமதரை, அடியில் வெறும் காற்று. ஊன்றுகோலை ஊன்றிப் பார்த்து, தரை தட்டாமல் காலை வைக்காதீர்கள். லொங்கோஸ் புதரும் அப்படித்தான் விளிம்பை மறைக்கும்.

ஓடை கடக்கும்போது தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தால் மேலே எங்கோ மழை. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி. அப்போது கடக்காதீர்கள், கடந்துவிட்டிருந்தால் கரையேறி அக்கரையிலேயே காத்திருங்கள்.

பச்சைக்காடு

எல்லாம் சரி, ஆனால் இப்படிப் பொதுவில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மறைந்திருக்கும் தடம் மறைந்தே இருக்கட்டும். ஒருவர் ஜி.பி.எஸ். பதிவு போட்டால் அடுத்த மாதம் ஐம்பது பேர். பெலூவ் மண் ஐம்பது பேரைத் தாங்காது. காலணி அடியில் ஒட்டி வரும் விதைகள் வேறு.

கல்பாதை

நியாயம்தான். அதனால்தான் இந்த இழையில் எந்தப் பதிவையும் யாரும் ஒட்டவில்லை, கவனித்திருப்பீர்கள். எப்படிப் பார்ப்பது என்று சொல்வதும் எங்கே என்று சொல்வதும் வேறு வேறு. பாரி தம்பி, நீங்களும் பதிவைப் பொதுவில் போடாதீர்கள். வழி அடையாளத்துக்கு ரிப்பன் கட்டினால் திரும்பும்போது அவிழ்த்துவிடுங்கள், கட்டியதை எண்ணி வைத்துக்கொண்டால் ஒன்றும் மறக்காது. விட்டுப்போன ரிப்பன் அடுத்தவரை உங்கள் தவறான வழியிலேயே கூட்டிப் போகும். காட்டுக்குள் நுழையுமுன் காலணி அடியைத் தூரிகையால் தேய்த்துவிடுங்கள்.

நாள் பிரிப்பு பற்றி ஒரு யோசனை. இறங்கிய முதல் நாளே சேறு நிறைந்த காட்டுக்குப் போகாமல், லா பொசெசியோனிலிருந்து க்ராந்த் ஷலூப் வரை ஷெமன் தேஸ் ஆங்க்லேயில் (ஆங்கிலேயர் பாதை) ஒரு காலை நடங்கள். நான்கைந்து கி.மீ.தான். 1810-ல் க்ராந்த் ஷலூப்பில் இறங்கிய ஆங்கிலப் படையால் வந்த பெயர். அது மறைந்த தடம் இல்லை, எல்லாரும் போவது. ஆனால் கருங்கல் பதித்த பழைய பாதை எப்படி இருக்கும், சரிவில் ஓரக்கல் எப்படி நிற்கும், நீர் வடிய எங்கே வெட்டுவார்கள் என்று கண்ணுக்குப் பழகும். பிள்ளைகளுக்கு இந்த அடையாளங்களை அங்கே காட்டிவிட்டால், நாலு நாள் கழித்து பாசி மூடிய அதே வேலைப்பாட்டைக் காட்டுக்குள் அவர்களே முதலில் பார்ப்பார்கள். நிழல் கிடையாது, எட்டு மணிக்கு முன் தொடங்குங்கள். கல் தேய்ந்து வழவழப்பு, தூறினால் வழுக்கும். முடிவில் இருக்கும் லாசரே, 1860-களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலிலிருந்து இறக்கித் தனிமைப்படுத்தி வைத்த இடம். காரைக்கால், புதுச்சேரியில் கப்பல் ஏறிய நம்மவர்களையும் அங்கேதான் வைத்தார்கள். அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு ப்ளென் தே பால்மிஸ்தில் பலகை உள்ள சிறு வட்டங்களில் தொடங்குங்கள்: பித்தோன் பெபூர், அடுத்து ப்ரா கபோ சுற்று. எல்பூர் போனபின் பெலூவ். த்ரூ த ஃபேர் போகும் கூட்டத்தில் பெரும்பாலோர் வந்த வழியே திரும்புவார்கள், எக்கோல் நொர்மால் தடம் திறந்திருந்தால் அதன் வழியாகத் திரும்பலாம், ஆள் குறைவு, சேறு அதிகம். உங்கள் ஐந்து கோடுகளை அதற்குப் பிறகு எடுங்கள். கிழக்கே தொடர்ந்து மழை என்றால் பிடிவாதம் வேண்டாம், தெவெலாவ் காட்டுக்கு வண்டியைத் திருப்புங்கள், மேற்குச் சரிவு, காய்ந்திருக்கும்.

மல்லிகை_த

கிளம்பும் முன் ஜீத்காரரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தக் கோடு, வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் போன் செய்ய வேண்டும். அவசரத்துக்கு 112. மலைமீட்பு பி.ஜி.எச்.எம். எண் 0262 930 930, இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள். பள்ளத்தில் சிக்னல் இருக்காது, விசில் ஆளுக்கு ஒன்று கழுத்தில்: நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி. மரத்தடியில் இருப்பவர்களை ஹெலிகாப்டரிலிருந்து பார்க்க முடியாது, அலுமினியப் போர்வையின் பளபளப்பான பக்கத்தை வெட்டவெளியில் விரியுங்கள். தலைவிளக்கு நாலு பேருக்கும் தனித்தனி, ஒரு டார்ச்சை நாலு பேர் பங்கு போட்டு வேர் மேல் நடக்க முடியாது.

வண்டியில் பை, போன், ஜாக்கெட் எதுவும் கண்ணில் படும்படி வைக்க வேண்டாம், தடத்தின் தலைப்பில் கண்ணாடி உடைவது சகஜம். காலியான வண்டி என்று தெரியும்படி டிக்கியின் மூடித்தட்டைக்கூடச் சிலர் எடுத்துவிடுவார்கள். கீழே கரும்புக் காட்டுச் சாலையில் நிறுத்துவதானால், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை அறுவடை. கஷலோ என்று இங்கே சொல்கிற அந்தப் பெரிய கரும்பு லாரி திரும்ப இடம் விட்டு நிறுத்துங்கள்.

புதுவை_பாரி

குறித்துக்கொண்டேன் அக்கா. ஐந்து கோடுகளில் அந்தக் கயிற்று வழியை அடித்துவிட்டேன், மீதி நான்கு. ஓ.என்.எஃப். பட்டியலை ஒவ்வொரு நாள் மாலையும் பார்க்கும் பொறுப்பு மூத்தவளுக்கு.